ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு ஏ பக்கப் பாதைகள் தடுமாறுகின்றன, பி பக்கம் கை வைக்கலாமா?

இரவுப்பணி | ஞாயிறு காலை 6:20

வணக்கம். விடிய விடிய உட்கார்ந்தும் பிடிபடவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்களுடையது ஃபைபர் சேனல் ஸ்டோரேஜ் நெட்வொர்க், அதாவது சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி வலை. அதில் ஏ, பி என்று இரண்டு தனித்தனி ஃபேப்ரிக் (ஒன்றோடொன்று சேராத ஸ்விட்ச் தொகுதி). ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கோர் ஸ்விட்ச், தள்ளி இருக்கும் சர்வர் வரிசையில் ஒரு எட்ஜ் ஸ்விட்ச், இவற்றை இணைக்க இரண்டு ஐஎஸ்எல் (ஸ்விட்சுகளுக்கு இடையிலான இணைப்பு). ஸ்டோரேஜ் எல்லாம் கோரில், சர்வர்கள் பெரும்பாலும் எட்ஜில். ஸ்விட்ச், ஹெச்பிஏ (சர்வரில் உள்ள ஃபைபர் சேனல் அட்டை) எல்லாம் 16 ஜி, அதாவது 16 ஜிகாபிட் வேகம். ஒரு பழைய ஸ்டோரேஜ் மட்டும் 8 ஜி.

நேற்று இரவு ஏ பக்கத்து இரண்டு ஸ்விட்சுகளுக்கும் புதிய ஃபர்ம்வேர் (ஸ்விட்சின் உள் மென்பொருள்) ஏற்றினோம். 11:10-க்கு முடிந்தது. ஓட்டத்தைத் தடுக்காத முறையில்தான் ஏற்றினோம், பிழைச் செய்தி எதுவும் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் அவ்வப்போது உறைந்து போகின்றன. ஒவ்வொரு முறையும் 30 விநாடிக்குச் சற்று மேல், பிறகு தானாகவே ஓடுகின்றன. மல்டிபாத் (ஒரே வட்டுக்குப் பல பாதைகளைக் கையாளும் மென்பொருள்) நிலையைப் பார்த்தால் எல்லாப் பாதையும் உயிரோடு இருப்பதாகவே காட்டுகிறது, எப்போதாவது ஒன்று விழுந்து எழுகிறது. இது போதாதென்று, வழக்கமாக 4 மணிக்குள் முடியும் பேக்கப் இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. பேக்கப் சர்வரும் அதே எட்ஜில்தான் இருக்கிறது.

பி பக்கத்துக்கு இன்று இரவு தேதி குறித்திருக்கிறோம். மேலிடம் பழைய பதிப்புக்குத் திரும்பச் சொல்கிறது. என்ன செய்வது?

ஒளியிழை | ஞாயிறு காலை 6:48

முதல் வேலை, இன்று இரவு பி பக்கத்தைத் தொடுவதில்லை என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் சர்வர்களுக்கு இப்போது இருக்கும் ஒரே நல்ல கால் அதுதான்.

அப்புறம் சில கேள்விகள். உறையும் சர்வர்கள் இரண்டும் ஏ எட்ஜில் எந்த போர்ட்? அந்த போர்ட்களின் பிழை எண்ணிக்கை என்ன? மொத்த எண்ணிக்கை வேண்டாம், அது என்றைக்கோ நடந்ததையும் சேர்த்துக் காட்டும். இப்போது ஒரு முறை எடுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை எடுத்துக் கழித்துப் பாருங்கள். கோர், எட்ஜ் இரண்டிலும் எல்லா போர்ட்களுக்கும் எடுங்கள். எதையும் பூஜ்ஜியமாக்குவதற்கு முன் முழு சப்போர்ட் பதிவையும் சேமித்து வையுங்கள். இப்போது அழிந்தால் பிறகு திரும்பக் கிடைக்காது.

இன்னொன்று, நேற்று இரவு 10 மணி முதல் இன்று காலை வரை எந்தெந்த போர்ட் கீழே போய் எழுந்தது, எத்தனை மணிக்கு? பதிவில் அது இருக்கும்.

மூன்றாம்அடுக்கு | ஞாயிறு காலை 7:05

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். நேற்று வரை ஓடியது, ஃபர்ம்வேர் ஏற்றினார்கள், இன்று ஓடவில்லை. பழைய பதிப்பு இன்னொரு பகுதியில் இன்னும் இருந்தால் திரும்பிப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். டேட்டாபேஸ் உறைந்துகொண்டிருக்கும்போது ஆராய்ச்சி செய்ய நேரமில்லை.

ஒளியிழை | ஞாயிறு காலை 7:22

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் திரும்புவதும் ஒரு மாற்றம்தான். பழைய பதிப்புக்கு இறங்கும்போது எல்லா ஸ்விட்சும் ஓட்டத்தைத் தடுக்காமல் இறங்குவதில்லை. புதிய பதிப்பில் மட்டும் உள்ள ஏதாவது ஒரு வசதி இயக்கத்தில் இருந்தால் இறங்கவே மறுக்கும், அல்லது முழுதாக நின்று கிளம்பும். அப்படிக் கிளம்பினால் ஏ பக்கத்தின் எல்லா லிங்கும் ஒரே நேரத்தில் விழும். இரண்டு சர்வர் பிரச்சினை எல்லா சர்வர்களுக்குமான பிரச்சினையாகிவிடும்.

ஓட்டத்தைத் தடுக்காத மேம்படுத்தலில் உண்மையில் நடப்பது என்ன? ஸ்விட்சின் கட்டுப்பாட்டு மென்பொருள் மட்டும் நின்று புதிதாக எழுகிறது. ஃப்ரேம்களை (தரவுத் துண்டுகளை) கடத்தும் சிப் பழைய வழித்தட அட்டவணையை வைத்துக்கொண்டு கடத்திக்கொண்டே இருக்கிறது. எந்த லிங்கும் கீழே போகாது. அதனால்தான் எந்த போர்ட் எப்போது விழுந்தது என்று கேட்டேன்.

உடனடி நிவாரணம் வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. அந்த எண்கள் வந்ததும் சொல்கிறேன்.

இரவுப்பணி | ஞாயிறு காலை 8:10

பி பக்க வேலையை நிறுத்திவிட்டோம். பதிவும் சேமித்தாகிவிட்டது.

பத்து நிமிட வித்தியாசம் இதோ. கோரில் பழைய 8 ஜி ஸ்டோரேஜின் போர்ட்கள் இரண்டிலும் செல்லாத ஆர்டர்டு செட் (லிங்கின் கட்டுப்பாட்டுச் சொல்) எண்ணிக்கை கோடிக்கணக்கில் ஏறியிருக்கிறது. மற்ற போர்ட்களில் அது பூஜ்ஜியம். இவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை. இதுதான் காரணம் என்று எங்கள் குழுவில் எல்லோரும் நினைக்கிறார்கள். புதிய ஃபர்ம்வேருக்கும் பழைய ஸ்டோரேஜுக்கும் ஒத்துப்போகவில்லையோ?

மற்ற போர்ட்களின் எண்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.

கிரெடிட்கணக்கு | ஞாயிறு காலை 8:31

அந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம், இது பலரையும் திசை திருப்பிய எண்.

ஃபைபர் சேனல் லிங்கில் அனுப்ப ஃப்ரேம் இல்லாத நேரத்திலும் கம்பி வெறுமையாக இருப்பதில்லை. இரு பக்கமும் இடைவெளி நிரப்பும் சொற்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதுதான் ஃபில் வேர்ட். 4 ஜி வரை அது ஐடில் என்ற சொல். 8 ஜி வந்தபோது, மின்காந்தக் குறுக்கீட்டைக் குறைக்க ஏஆர்பி எஃப்எஃப் என்ற வேறு சொல்லைத் தரத்தில் வைத்தார்கள். எல்லாச் சாதனங்களும் ஒரே மாதிரி மாறவில்லை. சில பழைய ஸ்டோரேஜ்கள் 8 ஜி-யிலும் ஐடிலையே அனுப்புகின்றன. ஸ்விட்ச் ஒன்றை எதிர்பார்க்க, எதிர்ப்பக்கம் இன்னொன்றை அனுப்பினால், வருகிற ஒவ்வொரு நிரப்புச் சொல்லும் செல்லாத ஒன்றாக எண்ணப்படும். விநாடிக்குப் பல கோடிச் சொற்கள் ஓடும் லிங்கில் எண்ணிக்கை அப்படித்தான் எகிறும். ஃப்ரேம்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே போய்ச் சேரும்.

16 ஜி-யில் 64/66 குறியீட்டு முறை வந்துவிட்டதால் இந்தச் சிக்கலே இல்லை. உங்களுக்கு 8 ஜி போர்ட்களில் மட்டும் தெரிவது அதனால்தான்.

சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை உண்டு. பி கோரில், ஃபர்ம்வேர் ஏற்றாத ஸ்விட்சில், அதே ஸ்டோரேஜின் போர்ட்டைப் பாருங்கள். அங்கேயும் இதே வேகத்தில் ஏறினால் இது மேம்படுத்தலுக்கு முன்பே இருந்த பழக்கம். பி-யில் பூஜ்ஜியமாக இருந்தால் திரும்ப வந்து சொல்லுங்கள், அப்போது அந்த போர்ட்டின் ஃபில் வேர்ட் அமைப்பைப் பார்க்க வேண்டும். எப்படியானாலும் அந்த அமைப்பை இப்போது மாற்றாதீர்கள். மாற்றினால் லிங்க் ஒரு முறை விழும்.

இரவுப்பணி | ஞாயிறு காலை 9:02

பி-யிலும் அதே கதைதான்! பழைய பதிப்பிலும் கோடிக்கணக்கில் ஏறுகிறது. இத்தனை வருடம் யாரும் பார்க்கவில்லை. நன்றி.

மற்ற எண்கள், பத்து நிமிடத்துக்கு:

ஏ எட்ஜில் உறையும் இரண்டு சர்வர்களின் போர்ட்களிலும் சிஆர்சி பிழை (வந்த ஃப்ரேம் சிதைந்திருப்பதைக் காட்டும் சரிபார்ப்பு). ஒன்றில் 212, இன்னொன்றில் 87. அதன் பக்கத்தில் "நல்ல இஓஎஃப் உடன் சிஆர்சி" (இஓஎஃப் என்றால் ஃப்ரேமின் முடிவுக் குறி) என்ற பத்தியிலும் அதே 212, 87. லிங்க் ரீசெட் முதலாவதில் 3, இரண்டாவதில் 1. அதே போர்ட்களில் கிளாஸ் 3 டிஸ்கார்டும் இருக்கிறது. எட்ஜின் மற்ற எல்லா போர்ட்களிலும் சிஆர்சி பூஜ்ஜியம்.

ஏ கோரில் எட்ஜை நோக்கிய இரண்டு ஐஎஸ்எல் போர்ட்களிலும் அனுப்பும் கிரெடிட் பூஜ்ஜியமாக இருந்த நேரம் மிக அதிகம். மற்றபடி கோரில் அந்த "நல்ல இஓஎஃப்" பத்தி எல்லா போர்ட்களிலும் பூஜ்ஜியம்.

பேக்கப் சர்வரின் போர்ட்டில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் எனக்குப் புரியாதது.

ஒளியிழை | ஞாயிறு காலை 9:25

இப்போது படம் தெளிவாகிறது, தம்பி. முதலில் நிவாரணம். பிறகு விளக்கம்.

அந்த இரண்டு சர்வர்களிலும் பி பக்கப் பாதைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று சர்வரிலேயே உள்நுழைந்து பாருங்கள். நிலையைப் பார்த்தால் மட்டும் போதாது, பி பாதை வழியாக உண்மையில் படிப்பு, எழுத்து போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். போனால், ஏ எட்ஜில் அந்த இரண்டு போர்ட்களை மட்டும், ஒவ்வொன்றாக, அணைத்துவிடுங்கள்.

பாதையை நாமே அணைப்பதா என்று தயங்க வேண்டாம். செத்த பாதையைவிட நோயுற்ற பாதைதான் ஆபத்து. செத்தால் மல்டிபாத் சில விநாடிகளில் எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்பிவிடும். நோயுற்ற பாதை உயிரோடு இருப்பதாகவே தெரிவதால், சர்வர் அதில் வேலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஃபைபர் சேனலில் கிளாஸ் 3 ஃப்ரேம் ஒன்று வழியில் தொலைந்தால் அதை மறுபடி அனுப்பும் ஏற்பாடு நெட்வொர்க் மட்டத்தில் கிடையாது. மேலே ஸ்கஸி (வட்டுக்கான கட்டளை மொழி) அடுக்கு காத்திருந்து, நேரம் தீர்ந்த பிறகுதான் மறுபடி கேட்கும். லினக்ஸில் வட்டுகளுக்கு அந்த நேரம் இயல்பாக 30 விநாடி. நீங்கள் பார்த்த "30 விநாடிக்குச் சற்று மேல்" எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

கிரெடிட்கணக்கு | ஞாயிறு காலை 9:50

பேக்கப் சர்வர் ஏன் பாதிக்கப்பட்டது என்பதை நான் சொல்கிறேன்.

ஃபைபர் சேனலில் எதிர்ப்பக்கம் இடம் தராமல் ஃப்ரேம் அனுப்ப முடியாது. எதிர்ப்பக்கம் எத்தனை பஃபர் வைத்திருக்கிறதோ அத்தனை கிரெடிட் நமக்கு. ஒரு ஃப்ரேம் அனுப்பினால் ஒன்று குறையும். எதிர்ப்பக்கம் பஃபரைக் காலி செய்து ஆர்_ஆர்டிஒய் என்ற சிறு சமிக்ஞை அனுப்பினால் ஒன்று ஏறும். கணக்கு பூஜ்ஜியமானால் நின்று காத்திருக்க வேண்டும்.

உங்கள் எட்ஜ் போர்ட்டில் சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் திசை கெட்டிருக்கிறது. சிஆர்சியை எண்ணுவது பெறும் பக்கம் என்பதால் அது உறுதி. அதே திசையில்தான் ஆர்_ஆர்டிஒய்யும் வருகிறது. அவற்றில் சில வழியில் சிதைந்தால் ஸ்விட்சுக்கு அந்த கிரெடிட் திரும்பி வரவே வராது. ஒன்று, இரண்டு என்று கசிந்து கடைசியில் பூஜ்ஜியம். 2 விநாடி அப்படியே நின்றால் லிங்க் ரீசெட் நடந்து கிரெடிட் முழுதாகத் திரும்பும். அந்த 3, 1 ரீசெட்டுகள் அவைதான்.

அதுவரை அந்த சர்வருக்கான ஃப்ரேம்கள் எட்ஜிலேயே தேங்கும். சில நூறு மில்லி விநாடி தாண்டினால் தூக்கி எறியப்படும், அது கிளாஸ் 3 டிஸ்கார்ட். எட்ஜின் பஃபர் நிறைந்தால் அது கோருக்கு ஐஎஸ்எல்லில் கிரெடிட் தராது. கோர் நிற்கும். அதே ஐஎஸ்எல்லில் பின்னால் வரிசையில் நிற்கும் பேக்கப் சர்வரின் ஃப்ரேமும் நிற்கும். ஒற்றையடிப் பாலத்தில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வரும் நல்ல வண்டிக்கும் அதே கதிதானே.

அந்தக் கிரெடிட் பூஜ்ஜியக் கவுண்டர் உங்கள் வகை ஸ்விட்சில் 2.5 மைக்ரோ விநாடிக்கு ஒன்று ஏறுவதாக இருந்தால், 4 லட்சம் என்றால் 1 விநாடி முழு நிறுத்தம். அந்தக் கணக்கில் பாருங்கள்.

இரவுப்பணி | ஞாயிறு காலை 10:40

10:12-க்கு முதல் போர்ட்டையும் 10:17-க்கு இரண்டாவதையும் அணைத்தோம். உறைதல் நின்றுவிட்டது. பேக்கப் வேகம் அடுத்த இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஐஎஸ்எல்லில் கிரெடிட் பூஜ்ஜிய நேரம் ஏறக்குறைய நின்றேபோனது. மனசு கொஞ்சம் நிதானமானது.

ஆனால் காரணம்? இரண்டு எஸ்எஃப்பிகளிலும் (போர்ட்டில் செருகும் ஒளி மாற்றி) வரும் ஒளி அளவைப் பார்த்தேன். ஒன்றில் 400 மைக்ரோவாட், இன்னொன்றில் 370. அதாவது மைனஸ் 4 டிபிஎம்மை ஒட்டி. நன்றாக இருக்கும் போர்ட்களிலும் இதே அளவுதான். கேபிள் முனைகளைத் துடைத்தும் பார்த்தோம், மாற்றமில்லை. ஒளி சரியாக வருகிறது, பிழை மட்டும் ஏன்? இது ஃபர்ம்வேர் எஸ்எஃப்பியைத் தவறாகக் கையாள்வதா?

வெளிமேசை | ஞாயிறு காலை 11:15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதே தலைப்புதான், ஆனால் ஐஸ்கஸி (ஸ்டோரேஜ் கட்டளைகளைச் சாதாரண ஐபி நெட்வொர்க்கில் அனுப்பும் முறை). ஸ்விட்சுக்கு ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு ஸ்டோரேஜில் உள்நுழைய முடிகிறது, லன் (ஸ்டோரேஜ் தரும் வட்டு) எல்லாம் தெரிகிறது, ஆனால் பெரிய கோப்பு நகர்த்தினால் தொங்கிவிடுகிறது. பிங் ஒழுங்காகப் போகிறது.

கிரெடிட்கணக்கு | ஞாயிறு காலை 11:28

சிறியது போகிறது, பெரியது தொங்குகிறது என்றால் முதல் சந்தேகம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு). பிங் இயல்பாகச் சிறிய பாக்கெட்தான் அனுப்பும், அதனால் அது எதையும் நிரூபிக்காது. துண்டாக்காதே என்ற குறியோடு 8972 பைட் அளவில் பிங் செய்யுங்கள். 9000-ல் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 போக மீதி அது. அது போகவில்லை, 1472 மட்டும் போகிறது என்றால் வழியில் ஏதோ ஒரு இடத்தில் ஜம்போ ஃப்ரேம் அமைப்பு 1500-க்கு வந்துவிட்டது. ஸ்விட்சின் மேம்படுத்தலுக்கு முந்தைய அமைப்பையும் இப்போது ஓடும் அமைப்பையும் ஒப்பிடுங்கள். சேமிக்காமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு வரி மறுதொடக்கத்தில் போயிருக்கும். ஃப்ளோ கண்ட்ரோலையும் கூடவே பாருங்கள்.

வெளிமேசை | ஞாயிறு நண்பகல் 12:05

8972 போகவில்லை. இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையிலான இணைப்பில் மட்டும் 1500. சரிசெய்தேன், ஓடுகிறது. மிக்க நன்றி ஐயா.

ஒளியிழை | ஞாயிறு நண்பகல் 12:20

இரவுப்பணிக்கு. அந்த "நல்ல இஓஎஃப்" பத்தியைப் பற்றி முதலில். ஒரு ஃப்ரேம் கெட்டுப்போய் ஸ்விட்சுக்குள் வந்தால், முதலில் கண்ட ஸ்விட்ச் அதன் வால்முனையில் "இது செல்லாது" என்று முத்திரை குத்தி மேலே அனுப்பும். அடுத்தடுத்த ஸ்விட்சுகளில் சிஆர்சி ஏறும், ஆனால் வால் நல்லதாக இருக்காது. உங்களுக்கு இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் பிழை பிறந்த இடம் அந்த லிங்க்தான், அந்த கேபிள், இரு முனை எஸ்எஃப்பி, நடுவில் உள்ள பேட்ச் பேனல். வேறெங்கும் தேட வேண்டாம்.

ஒளி அளவு நன்றாக இருப்பதால் லிங்க் நல்லது என்று சொல்ல முடியாது. இப்போது மூன்று விஷயம் வேண்டும். அந்த இரண்டு கேபிள்களின் நிறம், உறையில் அச்சிட்டிருக்கும் எழுத்து, நீளம். அணைப்பதற்கு முன் அந்த போர்ட்கள் என்ன வேகத்தில் ஓடின. மேம்படுத்தலுக்கு முன் எடுத்த அமைப்புக் கோப்பையும் இப்போதைய கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் அந்த இரண்டு போர்ட்களில் என்ன வித்தியாசம். முதல் பதிவில் கேட்ட இன்னொன்றுக்கும் பதில் வரவில்லை: போர்ட் விழுந்த நேரம்.

இரவுப்பணி | ஞாயிறு மாலை 4:35

கண்டுபிடித்துவிட்டோம். தாமதத்துக்குக் காரணம், கேபிளைத் தரைக்கு அடியில் தேட வேண்டியிருந்தது.

போர்ட் விழுந்த நேரத்தில் தொடங்குகிறேன். மேம்படுத்தல் 11:10-க்கு முடிந்தது. அதுவரை ஏ பக்கத்தில் ஒரு லிங்க்கூட விழவில்லை. 11:34-க்கு இந்த இரண்டு போர்ட்கள் மட்டும் விழுந்து எழுந்திருக்கின்றன. கோர், எட்ஜ் கடிகாரங்களுக்கு இடையே 7 நிமிட வித்தியாசம் இருந்ததால் காலையில் நான் வரிசையைத் தவறாகப் படித்திருந்தேன்.

11:34-க்கு என்ன நடந்தது? ஃபர்ம்வேர் வேலை முடிந்ததும், எல்லா போர்ட் அமைப்பையும் ஒரே மாதிரி ஆக்கும் எங்கள் ஸ்கிரிப்ட் ஒன்றை அதே நேரச்சாளரத்தில் ஓட்டினோம். பழைய அமைப்புக் கோப்பில் இந்த இரண்டு போர்ட்களும் 8 ஜி என்று பூட்டப்பட்டிருந்தன. ஸ்கிரிப்ட் அதைத் தானியங்கி வேகத்துக்கு மாற்றியது. இரு முனையும் 16 ஜி என்பதால் லிங்க் 16 ஜி-யில் எழுந்தது.

கேபிள் ஆரஞ்சு நிறம், உறையில் ஓஎம்2 (பழைய தர பல்முறை ஒளியிழை) என்று இருக்கிறது. பேட்ச் பேனலையும் சேர்த்து 40 மீட்டர். பி பக்கத்துக்குப் பிற்பாடு இழுத்தது நீலப்பச்சை ஓஎம்3. என்றோ ஒருவர் காரணத்தோடுதான் 8 ஜி-யில் பூட்டியிருக்கிறார், ஆனால் குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை.

ஒளியிழை | ஞாயிறு மாலை 5:00

அருமை. எண்களைப் பாருங்கள். ஓஎம்2-வில் 8 ஜி-க்கு எல்லை 50 மீட்டர். 16 ஜி-க்கு 35 மீட்டர். உங்கள் 40 சரியாக இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 8 ஜி-யில் பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கும், 16 ஜி-யில் அப்போதைக்கப்போது தடுக்கும். ஓஎம்3 என்றால் 8 ஜி-க்கு 150, 16 ஜி-க்கு 100. ஓஎம்4-ல் 190, 125. நாளைக்கு 32 ஜி எண்ணம் இருந்தால் ஓஎம்3-ல் 70, ஓஎம்4-ல் 100 மீட்டர்தான் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

ஒளி அளவு ஏன் நன்றாக இருந்தது என்றால், இங்கே குறை ஒளி குறைவது அல்ல, ஒளி பரவுவது. பல்முறை இழையில் ஒளி பல பாதைகளில் ஓடி, சற்று முன்னும் பின்னுமாக வந்து சேர்கிறது. தூரம் கூடக் கூட ஒவ்வொரு துடிப்பும் விரிந்து பக்கத்துத் துடிப்போடு கலக்கிறது. 8 ஜி-யில் துடிப்புகளுக்கு நடுவே இடம் இருந்தது, 16 ஜி-யில் அந்த இடம் சுருங்கிவிட்டது. மீட்டர் மொத்த ஒளியைத்தான் அளக்கும், கலப்பு அதற்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் எத்தனையோ நல்ல எஸ்எஃப்பிகளைக் குறைபாடு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாம்அடுக்கு | ஞாயிறு மாலை 5:20

காலையில் திரும்பிப் போகச் சொன்னவன் நான். பழைய ஃபர்ம்வேருக்குப் போயிருந்தாலும் போர்ட் தானியங்கி வேகத்திலேயே இருந்திருக்கும், உறைதலும் தொடர்ந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களிடம் கண்காணிப்பு மென்பொருள் இருக்கும்தானே? சிஆர்சி ஏறியதும் அது ஏன் கூவவில்லை?

இரவுப்பணி | ஞாயிறு மாலை 6:10

அதையும் தேடினோம். 11 மணிக்குப் பிறகு ஏ பக்கத்து வரைபடங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. புதிய பதிப்பு டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறை) 1.0, 1.1 இரண்டையும் ஏற்பதில்லை. எங்கள் கண்காணிப்பு சர்வர் பழையது, அதற்கு மேல் பேசத் தெரியாது. இணைப்பு மறுக்கப்பட்டு, "தரவு இல்லை" என்று சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டது. சிவப்பு இல்லாததால் இரவுப் பணியில் யாரும் கவனிக்கவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது, பாதுகாப்புப் பகுதியில் இருந்ததால் நாங்கள் படிக்கத் தவறிவிட்டோம்.

பழையபேட்டி | ஞாயிறு இரவு 9:30

இந்த உரையாடல் முழுவதும் படித்தேன். பி பக்கத்துக்குப் போகும் முன் ஒன்று சொல்லத் தோன்றியது. உங்களிடம் பழைய யூனிக்ஸ் சர்வர்கள் உண்டா? எங்கள் இடத்தில் ஒரு ஸ்விட்ச் மேம்படுத்தலின்போது முழுதாக நின்று கிளம்பியது, டொமைன் ஐடி (ஃபேப்ரிக்கில் ஸ்விட்சின் எண்) பூட்டப்படாமல் இருந்ததால் வேறு எண்ணோடு எழுந்தது. ஃபைபர் சேனல் முகவரியின் 24 பிட்டில் முதல் 8 பிட் டொமைன்தான், அதனால் அதில் இருந்த ஒவ்வொரு போர்ட்டின் முகவரியும் மாறிவிட்டது. பெரும்பாலான சர்வர்கள் டபிள்யூடபிள்யூபிஎன்னை (போர்ட்டின் மாறாத பெயர்) பார்த்து மறுபடி ஒட்டிக்கொண்டன. ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) சர்வர்களில் டைனமிக் டிராக்கிங் (முகவரி மாற்றத்தைப் பின்தொடரும் வசதி) அணைந்திருந்த இரண்டு மட்டும் அந்தப் பக்கத்து வட்டுகளை இழந்தன. ஸ்விட்சில் டொமைன் ஐடி பூட்டியிருக்கிறதா, சர்வரில் அந்த வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு நிமிட வேலை.

இரவுப்பணி | திங்கள் காலை 11:00

நன்றி. டொமைன் ஐடி நான்கு ஸ்விட்சிலும் பூட்டியே இருக்கிறது. ஏஐஎக்ஸ் ஒன்று இருக்கிறது, அதில் டைனமிக் டிராக்கிங் இயக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

இரண்டு போர்ட்களையும் இப்போதைக்கு 8 ஜி-யில் பூட்டி எழுப்பினோம். இந்த முறை போர்ட்டின் பெயரிலேயே "ஓஎம்2 40மீ, 8ஜி மட்டும்" என்று எழுதிவிட்டேன், அடுத்து வருபவர் கோப்பைத் தேட வேண்டாம். ஸ்கிரிப்ட்டில் பூட்டிய போர்ட் இருந்தால் தொடாமல் விட்டு, பட்டியல் மட்டும் தரும்படி மாற்றியாகிவிட்டது. நான்கு ஸ்விட்சும் இப்போது ஒரே நேர சர்வரைப் பார்க்கின்றன. ஓஎம்4 கேபிளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். 8 ஜி-யில் பூட்டியதும் இந்த போர்ட்களில் ஃபில் வேர்ட் பிரச்சினை வருமா?

கிரெடிட்கணக்கு | திங்கள் காலை 11:25

நல்ல கேள்வி. 8 ஜி என்பதால் வர வாய்ப்பு உண்டு, ஆனால் இந்த இரண்டும் இதற்கு முன் 8 ஜி-யில்தான் ஓடின. ஃபில் வேர்ட் அமைப்பு பழைய கோப்பில் என்னவோ அதுவே இருக்கிறதா என்று பாருங்கள். கவுண்டரைப் பூஜ்ஜியமாக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பி பக்கத்துக்கு முன் எல்லா கவுண்டரையும் எடுத்து வைத்து, பூஜ்ஜியமாக்கி, ஒரு முழு நாள் ஓட விடுங்கள். மேம்படுத்தலுக்கு முந்தைய நாளின் எண்கள் கையில் இருந்தால், பிறகு வரும் எந்த எண்ணையும் அதோடு ஒப்பிடலாம். நேற்று உங்களிடம் இல்லாதது அது ஒன்றுதான். ஏ பக்கத்திலேயே ஒவ்வொரு சர்வருக்கும் பாதை உயிரோடு இருப்பதையும் அந்த மாலை மறுபடி பாருங்கள். ஏ-யில் அணைத்து வைத்த போர்ட்டை மறந்துவிட்டுப் பி-யைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரவுப்பணி | சனி காலை 7:15

பி பக்கம் நேற்று இரவு முடிந்தது. முதலில் எட்ஜ், ஒரு மணி நேரம் கவனித்துவிட்டுக் கோர். வேறு எந்த வேலையும் அந்தச் சாளரத்தில் சேர்க்கவில்லை. கண்காணிப்பு சர்வரை வியாழனே புதுப்பித்துவிட்டதால் வரைபடம் நடுவில் அறுபடவில்லை. ஒரு லிங்கும் விழவில்லை. சிஆர்சி எல்லாப் போர்ட்டிலும் பூஜ்ஜியம், பேக்கப் 3:40-க்கு முடிந்தது.

ஏ பக்கத்தின் இரண்டு போர்ட்களும் 8 ஜி-யில் ஐந்து நாளாக ஒரு பிழை இல்லாமல் ஓடுகின்றன. ஓஎம்4 கேபிள் செவ்வாய்க்கிழமை வருகிறது, மாற்றியதும் 16 ஜி-க்கு ஏற்றி ஒரு நாள் கவுண்டர் எடுத்து இங்கேயே போடுகிறேன்.